டிக்கியில் தூங்கிய டயர்

என் கணவரின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். தாம்பரம் வீட்டில் மாடியில் அண்ணன், கீழே நானும் பத்து வயது மகளும். கார் அண்ணன் பெயரில் இருந்தது, ஓட்டியது நான். தினமும் காலையில் மகளைக் குரோம்பேட்டையில் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போவேன்.

அந்தக் கோடையில் நாலு டயரும் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். சொன்னதுதான் தப்பு. மனிதர் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடை விடாமல் ஏறி இறங்கினார். நைலான் டயர் குண்டும் குழியும் தாங்கும், ஈரத்தில் வழுக்கும். ரேடியல் ஈரத்தில் பிடிக்கும், பக்கவாட்டில் கல் குத்தினால் தொலைந்தது. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் சேர்த்து ஒரே டயர் வேண்டுமாம் அவருக்கு. கட்டைவிரலால் அமுக்கினார், தட்டினார், மோந்துகூடப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்தக் குடும்பம் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

கடைசியில், ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஒரே ஒரு ரேடியல் டயர் வந்தது. அதை ரிம்மில் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பாலிதீன் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னியாகப் படுக்க வைத்தார்.

“மாமா, இதையாவது மாட்டிடலாமே” என்றேன்.

“ஒண்ண மட்டும் மாட்டினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்மா. மத்த மூணையும் நிதானமா பார்த்து வாங்கலாம். நல்லது ஒண்ணு எப்பவும் கையிருப்புல இருக்கணும்.”

கணவருக்கு எழுதினேன். அண்ணா சொல்கிறபடி செய் என்று பதில் வந்தது. தெருமுனை பஞ்சர் கடைக்காரர் மட்டும் காற்று பிடிக்கும்போது சிரித்தார். “இன்னாக்கா இது, ரோட்டுல ஓடுறது நாலுத்துலயும் பட்டனே இல்ல. புச்சு டிக்கில தூங்கினு கீது!” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, பள்ளிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் வழுக்கிச் சுற்றி, நடுரோட்டின் தடுப்பில் இடித்து, வந்த திசையையே பார்த்து நின்றது. மகளின் வாய் டேஷ்போர்டில் மோதியது. மேல்வரிசை முன்பல் ஒன்று உடைந்து அவள் மடியில் கிடந்தது.

மளிகைக் கடை ஒன்றிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது, காரின் முன் சீட்டில் மகளின் வாயில் என் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஒரு பார்வை. நேரே பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். பாலிதீனைத் தடவிப் பார்த்தார்.

“நல்லவேளை, புது டயருக்கு ஒண்ணும் ஆகல.”

அதுவரை நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. “மாமா, இங்க குழந்தைக்கு ரத்தம் கொட்டுது!” என்று கத்தினேன்.

“பார்த்தேம்மா. பால் பல்லுதானே, முளைச்சிடும்.”

அந்தப் பல் முளைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடையில் அடுக்கியிருக்கும் டயரைத் தொட்டே, எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது என்று சொல்கிற விரல் அவருடையது. தன் மடியில் உட்கார்ந்து வளர்ந்த பெண்ணின் வயது மட்டும் தெரியவில்லை.

என் மகள் இன்றும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறாள். அவள் கையை எடுக்கிற நாளில் வேண்டுமானால் அவரை மன்னிப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.