முதலில் வரக் கூடாத கடை

தேடுகிறவர்களுக்குக் கடைகள் கிடைக்கும்படி செய்வது என் பிழைப்பு. போனில் ஒருவர் "பக்கத்தில் பல் டாக்டர்" என்று தட்டினால் வரைபடத்தோடு மூன்று பெயர்கள் மேலே வருமே, அந்த மூன்றில் ஒன்றாக ஒரு பெயரைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திறக்கும் நேரம் பொய்யாக இருக்கக் கூடாது. வந்துபோனவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும், படங்கள் நிஜமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. செவிலிமேட்டில் ஒரு பல் மருத்துவமனைக்கும் பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு லாட்ஜுக்கும் செய்து கொடுத்திருந்தேன். லாட்ஜ்காரர் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். அந்தக் கும்பிடு என் தலையில் ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று காலூன்றி நிற்க வேண்டிய சந்தில் இருக்கிறது. வீட்டுக்குள் இரண்டு தறி. ஒன்றில் கோயில் பக்கம் பட்டுக்கடை வைத்திருக்கிற முதலாளியின் புடவை ஓடும். மூன்று நாலு புடவைக்கான நீளவாட்டு நூலான பாவும், பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார், என் கணவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தறியால். இன்னொன்றில் கல்யாண மாதங்களில் சொந்தமாக நாலைந்து புடவை நெய்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்போம். அதை முதலாளிகள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அவர் பாவை வாங்கி நெய்கிறவன் ஊரறியக் கடை போடக் கூடாது. இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, எழுதாததால்தான் யாரும் மீறுவதில்லை. ஒரு முதலாளி பாவை நிறுத்தினால் மற்றவர்களும் என்ன ஏது என்று விசாரித்துவிட்டுக் கையை விரித்துவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் இரண்டாவது தறிக்கு ஒரு வெப்சைட் போட்டேன், வரைபடத்திலும் ஏற்றினேன். ஊருக்கெல்லாம் செய்கிறோம், நமக்குச் செய்தால் என்ன என்ற திமிர்.

"வேணாம்மா. மொதலாளி காதுக்குப் போச்சின்னா பாவு நின்னுடும்" என்றார் கணவர்.

"அவரு போன்ல பேசறதோட சரி. ஒக்காந்து தேடிக்கினா இருக்கப் போறாரு?" என்றேன்.

கடைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் பயந்தேன். எங்கள் வீட்டுப் பெயர் வேண்டாமென்று என் அம்மா வீட்டு இனிஷியலைப் போட்டேன். கள்ளத்தனத்துக்கு அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முகவரியை மறைக்கவில்லை. மறைத்தால் ஊருக்குள் வந்து தேடுகிறவர்களுக்கு நாம் எப்படிக் கிடைப்போம்?

இனி படம் வேண்டும். எங்களுக்கு அமாவாசை அன்று தறி கிடையாது. மற்ற நாட்களில் தெரு முழுக்கக் கேட்கிற தடதடப்பு அன்று இருக்காது, கணவரும் கோயிலுக்குப் போயிருந்தார். படம் எடுக்க அதைவிட நல்ல நாள் ஏது? ஆனால் எங்கள் தறியில் அப்போது வெறும் பாவுதான் நின்றது, பார்க்க அழகாக இல்லை. பக்கத்துத் தறியில் முதலாளியின் புடவை பாதி நெய்து, மேலே துணி போட்டு மூடியிருந்தது. அந்தத் துணியை எடுத்தேன். வெங்காயக் கலர் உடல், அரக்குக் கரை, கரையில் நாலு பேர் நாலு பேராகப் பல்லக்குத் தூக்கிப் போவார்கள். முதலாளி புதிதாக வரைந்து தறிக்கு அட்டை அடித்துக் கொடுத்த டிசைன், ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் கடையில் எடுத்து வைப்பதாக இருந்தார். ஜன்னல் வெளிச்சம் ஜரிகையில் விழுந்தது. வெளியூர்க்காரர்களுக்கு எந்தத் தறி, யார் புடவை என்று என்ன தெரியும்? எடுத்தேன், போட்டேன், துணியை மறுபடி மூடினேன்.

அந்தப் படம் ஓடிய ஓட்டம், நான் யாருக்குச் செய்து கொடுத்ததும் ஓடியதில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏற ஏறக் கடையும் மேலே வந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டோக்காரர்கள் காட்டிய கடைகளையெல்லாம் தாண்டி, வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்துக்கே வந்து ஒரு புடவை வாங்கிப் போனது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவரிடம் போனை நீட்டிக் காட்டினேன். அவர் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்.

"இது பல்லக்கு ஆச்சே" என்றார். குரலே எழும்பவில்லை.

உடனே படத்தை எடுத்துவிட்டேன். எடுத்தால் போய்விடுமா? பார்த்தவர்கள் தங்கள் போனில் பிடித்து வைத்திருந்தார்கள். "அந்தப் பல்லக்குப் புடவை இருக்கா?" என்று தினம் யாராவது கேட்டார்கள். விற்றுவிட்டது என்றேன். 

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ஓர் அம்மா கூப்பிட்டார். முன்பே ஒரு தடவை பேசியவர், பாவம், நல்ல மனசு.

"நீங்க இல்லேன்னு சொன்னீங்களா, அதான் கோயில் பக்கத்துல ஒரு பெரிய கடையில படத்தைக் காட்டிக் கேட்டேன். ஓனரே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் உத்து உத்துப் பார்த்தார்மா. இது எங்க எடுத்த படம்னு கேட்டார். உங்க கடைப் பேரையும் நம்பரையும் குடுத்துட்டேன். உங்களுக்கு ஒரு ஆர்டர் கிடைக்கட்டுமேன்னு."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. தறிக்குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்தார். அன்று மட்டும் அவருக்கு மூன்று தடவை இழை அறுந்தது. இரண்டு நாள் சந்தில் எந்த ஸ்கூட்டர் நுழைந்தாலும் எங்கள் வீட்டில் தறி நின்றது. போன் மணி அடித்தால் நான் அதைத் தலையணைக்கு அடியில் திணித்தேன். பயத்துக்கு இத்தனை வேலை உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் முதலாளியே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, புடவையைத் தடவிப் பார்த்தார்.

"மொதலாளி, தப்பு நடந்துபோச்சி..." என்று கணவர் எழுந்தார்.

"நீ நெய்யிப்பா. நான் பொண்ணாண்ட பேசணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "படம் நல்லாத்தான் எடுத்துக்கிறே. என் கடை கோயிலாண்ட எத்தினி வருஷமா இருக்குது, தேடுனா ஏழாவதா வருது. உன்னுது ரெண்டாவதா வருது. அது எப்படிம்மா?"

கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"என்னுது மொதல்ல வரணும். அதுவரைக்கும் இந்தப் பாவு ஓடட்டும். அப்பால பாத்துக்கலாம்."

கத்தவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்த "அப்பால பாத்துக்கலாம்" மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நான் என் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்ததில்லை. அவர் கடை முகவரி ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி கிடந்தது. என்றோ வெட்டிப்போன டெலிபோன் நம்பர் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தேடித் தேடித் திருத்தினேன். கடைக்கே போய்ப் படம் எடுத்தேன். ஒருநாள் பயத்தின் உச்சியில், வாடிக்கையாளர் எழுதியது போல நானே ஒரு பாராட்டு எழுதினேன். பொய்ப் பாராட்டு பிடிபட்டால் கடையையே முடக்கிவிடுவார்கள் என்ற இன்னொரு பயம் வந்து அதை அழித்தேன்.

இந்த வரிசை நாம் எங்கே நின்று தேடுகிறோமோ அதற்குத் தக்கபடி மாறும். அதனால் கோயில் வாசலில் நின்று தேடினேன். பஸ் நிலையத்தில் தேடினேன். செவிலிமேட்டில் தேடினேன். டவுன் பஸ் பிடித்து ஊருக்கு வெளியே கூரம் வரைக்கும் போய், பஸ் நிறுத்தத்தில் நின்று தேடிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் முதலாளியின் கடை முதலில் வந்தது. எங்கள் வீட்டில் தேடினால் மட்டும் எங்கள் கடை முதலில் வந்தது. கூடத்திலேயே இருக்கிற கடையை விட்டுக் கோயிலண்டை இருப்பதை எப்படிக் காட்டும்? அதற்கு மட்டும் என்னிடம் வழியில்லை. அவர் இங்கே வந்தா தேடப்போகிறார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

நெய்து முடித்த புடவையை வழக்கமாக நாங்கள்தான் அவர் கடைக்குக் கொண்டுபோவோம். அந்தப் பாவின் கடைசிப் புடவைக்கு அவரே வந்தார். என் கணவர் தறியிலிருந்து புடவையை அறுத்து எடுத்து மடித்தார். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார். எங்கள் கடை மேலே, அவருடையது கீழே.

"எல்லா எடத்துலயும் உங்களுதுதான் மொதல்ல வருது மொதலாளி. இங்க நாங்க கிட்டக்க இருக்கறதால..." என்று குழறினேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றார். காலித் தறியை ஒரு பார்வை பார்த்தார். "அடுத்த பாவுதான் இன்னும் யாருக்குன்னு முடிவு பண்ணல."

கணவர் மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை.

என் போனை எடுத்தேன். கடையின் விவரப் பக்கத்தில் கடைசியாக ஒரு வாய்ப்பு இருக்கும், கடையைக் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கானது. என் வாடிக்கையாளர்கள் யாருக்கும் நான் அதைத் தொட்டதில்லை. தொட்டேன். நிஜமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் கடைப் பெயருக்குக் கீழே "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று சிவப்பில் வந்தது.

முதலாளி தன் போனில் மறுபடியும் தட்டிப் பார்த்தார். "இப்ப சரியா இருக்குது" என்று கண்ணாடியைக் கழற்றினார். "திங்கக்கெழமை வந்து பாவை வாங்கிக்கினு போப்பா."

அவர் போனதும் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் காபி போட்டேன், அவருக்குக் கூடுதலாகச் சர்க்கரைகூடப் போட்டேன். என் கடையை என் கையாலேயே மூடிவிட்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.