ஐரிஸுக்குக் குளிர்காலம்

வைகாசி வெயில். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய வீட்டு வாசலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் மூன்று பூந்தொட்டிகளில் ஐஸ்கட்டிகளை அடுக்குகிறார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஐரிஸ் கிழங்குகளாம். மூன்றிலும் ஒரே மாதிரி வாள் இலைகள்.

“குளிர் பட்டாத்தான் பூக்கும் சார். இது நீலம், இது மஞ்சள், இது வெள்ளை.”

“எப்பப் பூத்துச்சி?”

“இன்னும் பூக்கல.”

“அப்புறம் நிறம் எப்படித் தெரியும்?”

“வாங்கும்போதே சொன்னாங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி மீன்கூடையோடு வருகிறார்.

“மீனுக்கு வாங்கியாந்த ஐஸு எங்க?”

கணவர் தொட்டிகளைக் காட்டுகிறார். அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு வெள்ளை வவ்வால் மீனை எடுத்து, கடைசித் தொட்டியின் ஐஸ்மேல் படுக்க வைக்கிறார்.

“இந்தாங்க, வெள்ளை பூத்துடுச்சி.”