ரணம் ஆறிய பிறகு

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி நிற்கும் யார்டை ஒட்டிய குடிசை வரிசைக்குப் பூவம்மா கல்யாணமாகி வந்தாள். புருஷன் நீலமேகம் வேகனிலிருந்து மூட்டை இறக்குகிறவன். அவள் எண்ணெய் மில்லில் சொத்தைக் கடலை பொறுக்கப் போவாள். இரண்டு பெண் குழந்தைகள். சண்டை சச்சரவு உண்டு. ஆனாலும் ராத்திரி ஒரே வட்டிலில்தான் சாப்பிட்டார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மாசி மாதத்தில் ஒருநாள், யார்டில் திரிந்த நாய் ஒன்று நீலமேகத்தின் கெண்டைக்காலைக் கவ்விச் சதையைக் கிழித்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு மறுநாளும் மூட்டை தூக்கினான். அப்புறம் கால் வீங்கிச் சீழ் பிடித்தது. ஜுரத்தில் வாய் பிதற்ற ஆரம்பித்தது. பூவம்மா குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவியிடம் விட்டுவிட்டு, அவனை ரிக்‌ஷாவில் போட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"காலை எடுக்க வேண்டி வந்தாலும் வரும்" என்றார் டாக்டர் சுப்பராயன். பெனிசிலின் என்று புதிதாக வந்திருந்த ஊசியை ராப்பகலாகப் போட்டார்கள். ஜுரம் இறங்கியது. சீழ் வற்றியது. ஒரு காலையில் நீலமேகம் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். பூவம்மா அந்த மருந்துக் குப்பியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "சீழுக்குத்தான் இந்த மருந்து. நாய்க்கடிக்கு தொப்புளைச் சுத்தி ஊசி போட ஆரம்பிச்சிருக்கோம். தினம் வந்து போட்டுக்கணும். நடுவுல விட்டுடக் கூடாது."

சில நாள் போனான். வயிறு கல்லாய்க் கட்டிக்கொண்டது. குனிய முடியவில்லை, மூட்டை தூக்க முடியவில்லை. ஒருநாள் போகாமல் யார்டுக்குக் கிளம்பினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"இன்னாத்துக்குமே? ரணந்தான் ஆறிப்போச்சே. பாரு, தழும்பு மட்டுந்தான் கீது."

பூவம்மா குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். அவன் முகம் சுளிக்கவில்லை. அவன் சொல்வதுதான் சரியென்று அவளுக்கும் பட்டது.

சித்திரை வெயில் ஏறியபோது தழும்பைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று சொறிந்துகொண்டான். இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் ஒரு காலையில் டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனவனுக்குத் தொண்டை இழுத்துப் பிடித்தது. கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. விசிறியால் வீசினாலும் உடம்பு தூக்கிப்போட்டது.

பூவம்மா அவனையும் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சுப்பராயனைத் தேடிப்பிடித்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஊசியே போடுங்க சாமி. சாவக் கிடந்த ஆள எழுப்பி உக்கார வெச்சிச்சே."

டாக்டர் அவளை எழுப்பி பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, அன்னிக்குச் சீழ் பிடிக்க வெச்சது ஒரு கிருமி. பாக்டீரியான்னு பேரு. அது தானாவே தின்னும், வளரும், பெருகும். பூதக்கண்ணாடி மிஷின்ல வெச்சா கண்ணுக்குத் தெரியும். பெனிசிலின் அதைப் பிடிச்சு அழிச்சிடுச்சு. நாயோட எச்சில்ல இன்னொண்ணும் இருந்திருக்கு. அது வைரஸ். அந்த மிஷின்லகூடத் தெரியாத அளவு சின்னது. வெளியில சும்மா கிடக்கும்; நம்ம உடம்புக்குள்ள பூந்துட்டா, நம்ம உடம்பையே வெச்சுத் தன்னைப் பெருக்கிக்கும். பெனிசிலினுக்குப் பிடிச்சு அடிக்க அதுகிட்ட ஒண்ணும் இல்ல. நரம்பு வழியா மெல்ல ஏறி, இப்ப மூளைக்குப் போயிடுச்சு. போறதுக்கு முன்னால தடுக்கத்தான் வயித்து ஊசி."

"இப்போ அத்தப் போட்டா?"

"நேரம் கடந்துபோச்சும்மா."

"வேற மருந்து?"

"உலகத்துல எங்கேயும் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

தனி அறையில் கட்டிலோடு சேர்த்து அவனைக் கட்டியிருந்தார்கள். இழுப்பு விட்ட நேரங்களில் புத்தி தெளிவாகவே இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"கிட்ட வராதமே. எச்சி பட்டுடும். கொழந்தைங்கள இட்டாராத." கொஞ்சம் பொறுத்து, "தாகமா கீது" என்றான்.

ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள். நீட்டினால், ஈரத்தைக் கண்டதுமே அவனுக்கு வலிப்பு வரும். நீட்டாமல் நிற்கவும் முடியவில்லை. துணி அவள் கையிலேயே காய்ந்தது. மறுநாள் மத்தியானம் உயிர் பிரிந்தது.

காரியம் முடிந்த அன்று நீலமேகத்தின் தம்பி ஜெயவேல் அவளெதிரில் வந்து நின்றான். சாத்தாங்காட்டுப் பக்கம் வண்டி ஓட்டுகிறவன். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

"கால் ஆறி நல்லாத்தான நடந்துகினு இருந்தாரு அண்ணி? அந்த இங்கிலீஷ் ஊசிதான் உள்ளாற வெஷமாயிட்சி. நீதான இட்டுகினு போன?"

"இல்ல ஜெயவேலு. அது வேற கிருமியாம், இது வேற கிருமியாம். அந்த மருந்து இதுக்குக் கேக்காதாம். டாக்டரு சொன்னாரு."

"ஒரே நாயி, ஒரே கடி. அதுல எப்படி ரெண்டு இருக்கும்?"

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் மனசுக்குள் தேடினாள். பெஞ்சில் கேட்டபோது புரிந்தாற்போல இருந்தது. இப்போது கோர்வையாக ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று கொன்றுவிட்டது என்று யாரிடம் சொல்லி நம்பவைப்பது? ஜெயவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பூவம்மா கண் மங்கும்வரை மில்லில் கடலை பொறுக்கினாள். பெரியவள் கல்யாணத்துக்கு மட்டும் ஜெயவேல் வந்தான். சித்தப்பா முறைக்குச் சீர்த்தட்டை வைத்தான், பெண்ணின் தலையைத் தொட்டான். சாப்பிட்டுப் போ என்று பூவம்மா இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் நின்றாள். அவன் இலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்பாதை ஓரமாக நடந்து போனான்.