கடிகாரத்தின் முதுகில் எங்கள் வீட்டு அடையாளம்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சிப்பி சீசனில் ஆரம்பித்தது இது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் சிப்பி குளிக்கிறவர். மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை இரும்புக் கம்பியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். அந்த சீசன் தொடங்கிய புதிதில் ஒருநாள் தண்ணீருக்குள்ளேயே அவருக்குத் தலை சுற்றிவிட்டது. கூட வந்தவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் வள்ளத்தில் போட்டார்கள். இனிமேல் ரொம்ப நேரம் மூச்சை அடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவரும் நல்ல பிள்ளைபோல் தலையாட்டினார். நாலாம் நாள் வள்ளத்தில் ஏறிவிட்டார்.

நான் வீட்டில் துணி தைக்கிறவள். அவர் கடலுக்குள் இருக்கும் நேரமெல்லாம் எனக்குத் தையல் ஓடாது. ஒரே ரவிக்கையை மூன்று தடவை பிரித்துத் தைத்திருக்கிறேன். அப்போதுதான் அந்த ஸ்மார்ட் வாட்சைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எத்தனை வினாடி என்று குறித்து வைத்தால், நேரம் ஆனதும் மணிக்கட்டில் அதிரும். நாற்பது மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. நீலத் தண்ணீருக்குள் ஒருவன் நீந்துகிற படம் வேறு. விலையைக் கேட்டதும் எனக்கும் லேசாகத் தலை சுற்றத்தான் செய்தது. இருந்தாலும் வாங்கிவிட்டேன்.

முதலில் கேலி செய்தார். “ஏட்டி, மீனு என்கிட்ட மணி கேக்குமா?” என்று சிரித்தார். ஆனால் கட்டிக்கொண்டார். அது அதிர்ந்தால் கையில் இருக்கும் சிப்பியை விட்டுவிட்டு மேலே வந்துவிடுவார் என்று கூட்டாளிகள் வந்து சொன்னார்கள். இருபது வருஷமாக என் பேச்சைக் கேட்காத மனிதர், ஒரு கடிகாரத்தின் பேச்சைக் கேட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தாலும், நிம்மதியாகத் தைத்தேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே வள்ளத்தில் நாலைந்து வீட்டு ஆட்கள் போவார்கள். கம்பி, நீச்சல் கண்ணாடி, சோற்றுப் பாத்திரம் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. எங்களுடையது ஒரு சிலுவையும் அதன் கீழே இரண்டு கோடும். வள்ளத்தில் ஏறுகிற எந்தப் பொருளிலும் முதல் வேலையாக அதைக் கீறிவிடுவார்கள். வாட்ச் வாங்கிய மறுநாள் காலையிலேயே இவரும் ஓர் ஊசிமுனைக் கம்பியை எடுத்து, அதன் பின்பக்க உலோகத்தில் அழகாகச் சிலுவையும் இரண்டு கோடும் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிகாரத்தைத் தன் சொந்தப் பொருளாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்ற சந்தோஷம் எனக்கு.

ஏழாவது மாசம் வாட்சின் கண்ணாடிக்குள் பனி மூடியதுபோல் ஈரம் தெரிந்தது. மறுநாள் மூச்சையே நிறுத்திவிட்டது. ஒரு வருஷ வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டு பேரும் நாகர்கோவில் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

“உள்ள தண்ணி கேறியிருக்குக்கா. பின்பக்கம் எதையோ வச்சுத் திறக்கப் பாத்திருக்கிய. இதுக்கு வாரண்டி கிடையாது.”

“திறக்கல்ல மக்கா. அது எங்க வீட்டு அடையாளம்” என்றேன்.

உள்ளே இருந்து ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘வாடிக்கையாளர் திறக்க முயன்று சேதப்படுத்தியுள்ளார்’ என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். எடை போடும் இடத்தில் ஒரு சிப்பியைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பஸ்ஸில் வரும்போது, “விடு ஏட்டி. கீறினது நான்தானே. நமக்க தப்புதான்” என்றார்.

மறுநாள் வெறுங்கையோடு கடலுக்குப் போனார். வேறு கடிகாரம் வாங்கலாம் என்றாலும் கேட்கவில்லை. “கெடுத்துப்போட்டவன்னு பேரு வாங்கின கைக்கு இன்னொண்ணு எதுக்கு?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மறுபடியும் ரவிக்கையைப் பிரித்துப் பிரித்துத் தைக்க ஆரம்பித்தேன். கம்பெனிக்கு எத்தனை மெயில் அனுப்பினேன் என்று கணக்கில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது.

என் மண்டையில் ஒன்று ஏறிவிட்டால் இறங்காது. நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நாமே மனுக் கொடுக்கலாம் என்று, என்னிடம் துணி தைக்க வரும் ஓர் அக்கா சொன்னார். நானே உட்கார்ந்து தமிழில் எழுதினேன். கீறினது நாங்கள்தான் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். “தோத்துப்போயிட்டுதான் வருவ” என்றார் வீட்டுக்காரர். அவரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

விசாரணை நாளில் ஒரு சாக்குப்பையோடு போய் இறங்கினேன். வாசலில் காவலாளி பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தக் கம்பி எதுக்கும்மா?” என்று மிரண்டார். “சாட்சி சொல்ல வந்திருக்கு” என்றேன். அவரே கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே உள்ளே வந்தார்.

கம்பெனி வக்கீல், கீறலைப் பெரிதாக்கிப் படம் எடுத்து வந்திருந்தார். கீறியதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார், இனிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆணையத்தின் தலைவராக இருந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சாக்குப்பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். நீச்சல் கண்ணாடி, சோற்றுப் பாத்திரம், தண்ணீர்க் கேன், இவருடைய ரப்பர் செருப்பு, கடைசியாகக் காவலாளி கையிலிருந்த கம்பி. எல்லாவற்றிலும் சிலுவையும் இரண்டு கோடும். இவர் சட்டைப் பையிலிருந்த செல்போனையும் பிடுங்கித் திருப்பி வைத்தேன். அதன் முதுகிலும் அதே அடையாளம்.

“இந்தச் செருப்பையும் திறக்கவா பாத்தோம்?” என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு வாரண்டித் தாளை எடுத்தேன். மேலோட்டமான கீறலுக்கு வாரண்டி கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. “கீறலைச் சரியாக்கித் தாங்கன்னு நான் கேக்கல்லம்மா. அது எங்களுக்கு வேணும். நாப்பது மீட்டர் தாங்கும்னு சொன்னதுக்குள்ள தண்ணி எப்படிக் கேறிச்சுன்னுதான் கேக்குதேன்” என்றேன். ஒவ்வொரு முழுக்கின் ஆழத்தையும் அந்த வாட்சே செல்போனில் குறித்து வைத்திருந்தது. அதிகபட்சம் ஒன்பது மீட்டர். வக்கீல் தன் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

ஆணையம் கடிகாரத்தை ஒரு நிபுணரிடம் அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னது. பின்மூடியை யாரும் திறக்கவே இல்லை, கீறல் மேலோடு நிற்கிறது, பக்கவாட்டுப் பொத்தானின் அடைப்பில்தான் குறை என்று அறிக்கை வந்தது. புது வாட்ச் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர்மேல் சொன்ன குற்றச்சாட்டு தவறு என்று உத்தரவு போட்டார்கள். அந்தக் கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு வாட்சைவிட அந்த வரிதான் பெரிசு.

உத்தரவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் இவர் பக்கத்து சீட்டுக்காரரிடம், “கேட்டியளா அண்ணே, இவ கம்பெனிக்காரனையே மடக்கிட்டா” என்று ஆரம்பித்தார். குளச்சல் வருவதற்குள் பஸ் முழுக்கக் கதை தெரிந்துவிட்டது. கண்டக்டர் எனக்குக் கைகொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

புது வாட்சின் முதுகிலும் அடையாளத்தைக் கீறிக் கட்டிக்கொண்டுதான் இவர் கடலுக்குப் போகிறார். இப்போது கரையில் மிக்சி பழுதானாலும் ஃப்ரிட்ஜ் பழுதானாலும் பெண்கள் வாரண்டித் தாளைத் தூக்கிக்கொண்டு என் தையல் மிஷினுக்கு முன்னால்தான் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் தயங்கித் தயங்கி, தங்கள் பேரில்தான் தப்போ என்று சந்தேகத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: நாம் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டால், செய்யாததை நம் தலையில் கட்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது.