தொங்கவிட்ட கால்

ஆம்பூரில் தோல் ஷாப் என்று சொல்லும் தோல் பதனிடும் ஆலையில் தோல்களைத் தரம் பிரிப்பது என் வேலை. ஒருநாள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது. மூட்டு விலகாமல் நின்றால் மாவுக்கட்டு, விலகினால் ஆபரேஷன் என்று சொல்லி டாக்டர் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்.

எக்ஸ்ரே எடுப்பவர் ஒல்லியான மனிதர். படத்தைப் பார்க்கும்போது மட்டும் நோயாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதத்தை மேசைக்கு வெளியே தொங்கவிடச் சொன்னார். ஆபரேஷன் பயத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை விறைப்பாகப் பிடித்திருந்தேன்.

கழுவி வந்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "விலகல."

"அப்ப கட்டு போதும்ல சார்?"

அவர் திரும்பி என் கால்விரல்களையே பார்த்தார். "இன்னா வேல பண்றீங்க?"

சொன்னேன்.

"மடிச்சுப் பாக்காம தோலை பாஸ் பண்ணுவீங்களா?"

மடித்தால்தான் தோலில் மறைந்திருக்கும் வெடிப்பு தெரியும் என்பது எனக்குத் தெரியாததா?

"நீங்க இறுக்கிப் புடிச்சா விலகல் தெரியாது. காலைத் தளர்த்தித் தொங்க விடுங்க. இன்னொரு வாட்டி எடுக்கறேன்."

விட்டேன். உயிர் போய் வந்தது. இரண்டாவது படத்தை அவர் என் பக்கமே திருப்பிக் காட்டினார். மூட்டின் உள்பக்கம் கறுப்பாக ஒரு சந்து திறந்திருந்தது.

இன்று ஆபரேஷனில் ஸ்க்ரூ வைத்த காலோடு நேராக நடக்கிறேன். டாக்டர் கேட்டது ஒரே ஒரு படம். முதல் படத்தையே கொடுத்து அனுப்பியிருந்தால் அந்த எக்ஸ்ரேக்காரரை யார் கேட்டிருப்பார்கள்?