பகலில் கேட்ட பெரட்டுத் தப்பு

ஐம்பத்தேழாம் வருஷம், மழைக்காலம். இலங்கையில் கொட்டகலையிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பத்து ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. நான் கொழுந்து எடுத்தவள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். ஆகவே இதில் நல்ல தமிழ் ஏதும் இருந்தால் அது அவளுடையது, கோபமெல்லாம் என்னுடையது.

அப்போது எங்கள் லயத்தில் யாரிடமும் கடிகாரம் கிடையாது. விடிவதற்கு முன்பே, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் தப்புப் பறை அடிப்பார்கள். அதைக் கேட்டு எழுந்து, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, பேர் கொடுக்கக் களத்துக்கு ஓட வேண்டும். குளிரில் கம்பளியை விட்டு எழும்போது தப்புக்காரரைத் திட்டாத வாய் லயத்தில் இல்லை. அதுவும் அந்த வருஷம் அவர் நிறுத்தவே மாட்டார், அடித்துக்கொண்டே இருப்பார். கங்காணி கூட, "ஒனக்குக் கை ஓயாதாடா?" என்று கத்துவார். நாங்கள் சிரிப்போம். இன்றைக்கு அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று ஏங்குகிறேன்.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுவதில் பேர் எடுத்தவர். அவர் வெட்டிய தேயிலை மலையைப் பார்த்தால் கத்தரித்த தலை மாதிரி மட்டமாக இருக்கும். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடை சுருங்கியது, குரல் கம்மியது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. தோட்டத்து டொக்டர் நடுக்குவாதம் என்றார். பார்க்கின்சன் என்ற பெயரை நான் கேள்விப்பட்டது வெகுகாலம் கழித்துத்தான். கங்காணி இரக்கப்பட்டு அவரைப் புல்லு வெட்டுகிற வேலைக்குப் போட்டார். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் சோறு பிசைந்து கொடுப்பதும் என் வேலை. வீட்டுக்குள் அப்படித் தடுமாறுகிறவர், காலையில் தப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தானாக நடந்து களத்துக்குப் போய்விடுவார். அது எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த மழையோடு புதுக் காய்ச்சல் வந்தது. உலகம் பூராவும் அதே காய்ச்சல்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு காம்பராவில் ஒருவர் படுத்தால் மறுநாள் பக்கத்துக் காம்பராவிலும் படுத்தார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாலு வயது மகளை டிக்கோயாவில் என் அண்ணன் வீட்டில் முன்னாலேயே விட்டிருந்தேன். தப்புக்காரரும் படுத்துவிட்டார். தப்பு நின்றது. தெம்பு இருந்தவர்கள் தாங்களாகவே வேலைக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரரும் நின்றுவிட்டார். வாசற்படி வரை வருவார், அப்படியே நிற்பார். பிடித்து இழுத்தால் சாய்வார். "கால் தரையில ஒட்டிக்கிச்சு" என்று முணுமுணுப்பார். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. பிறகு சாப்பாடும் வேண்டாம் என்றார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மற்ற நாளாக இருந்தால் இஸ்தோப்புத் திண்ணையில் நாலு பொம்பளைகள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுப் பேசினால் என் மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை, எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. மலையிலிருந்து கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அந்த இரைச்சலில் அழுதுவிட்டு வருவேன்.

ஐந்தாம் நாள் எனக்கும் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கொஞ்சம் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். வாளியை எடுத்தார், படி வரை போனார், நின்றுவிட்டார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கூப்பிட்டேன், கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

இந்த இடத்தில் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத எழுதணுமாம்மா?" என்றாள். எழுது என்றேன்.

"இப்படி மரமா நிக்கிறதுக்கு ஒரேயடியா போய்ச் சேர்ந்தா என்னங்க? எனக்காவது விடியும்."

சொல்லிவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. தப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். நல்ல பகல். பகலில் தப்பு கேட்டால் தோட்டத்தில் சாவு என்று அர்த்தம். பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி, சின்னப் பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். காய்ச்சலில் எனக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை. வாசற்படியைப் பார்த்தேன். அவரைக் காணோம்.

பாவி என் வாய் பலித்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து நிற்க முடியாமல் தவழ்ந்துதான் வாசலுக்குப் போனேன்.

மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் தப்புக்காரர் நின்றுகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போய், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெரட்டு அடியை நிதானமாக அடித்துக்கொண்டிருந்தார். பீலிப் பாதையில் என் வீட்டுக்காரர் வாளியோடு வந்துகொண்டிருந்தார். ஓர் அடிக்கு ஓர் எட்டு. கை ஆட்டத்தில் தண்ணீர் சிந்தி வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. படியேறி என் பக்கத்தில் வைத்தபோது அரை வாளிதான் மிச்சம். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

தப்புக்காரர் எட்ட நின்றபடியே சொன்னார். "மருந்து வாங்கப் போனேங்க அக்கா. அண்ணே வாளியோட படியில நிக்கிறதப் பார்த்தேன். சத்தம் இல்லாட்டி அவருக்குக் கால் வராதுங்களே. அதான் போய்த் தப்ப எடுத்துக்கிட்டு வந்தேன்."

"ஒனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"ஒரு வருசமா பார்க்கிறேனுங்க. தப்பு நின்னா அண்ணே வழியிலேயே நின்னுருவாரு. அதனால அவரு களத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் அடிப்பேன்."

பக்கத்திலேயே படுத்து எழும் எனக்குத் தெரியாதது, களத்தில் நின்ற அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. கங்காணியிடம் திட்டு வாங்கியும், எங்கள் சிரிப்பைக் கேட்டும் வாயைத் திறக்காமல் அடித்திருக்கிறார். அவருடைய சாதிக்காரர்களுக்கு நாங்கள் சிரட்டையில்தான் தேத்தண்ணி கொடுப்போம், அதுவும் இஸ்தோப்புக்குக் கீழே நிற்கவைத்து. உடம்பு தேறியதும் அவரைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் உட்காரச் சொல்லி, என் வீட்டுக்காரர் குடிக்கிற டம்ளரில் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். பக்கத்துக் காம்பராக்காரி முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு நாள் ஆனது. காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் பேச்சு கேட்கும். "காய்ச்சல்ல பேசுனது. விடு புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். அகப்பையால் தகரத்தைத் தட்டுவேன், அவர் படி தாண்டுவார். மகளுக்கு அது விளையாட்டு. அப்பாவை நடக்கவைப்பது யார் என்று என்னோடு சண்டை பிடிப்பாள். அப்படியே ஆறு வருஷம் ஓடியது. இப்போது நினைத்தால் அவைதான் எங்கள் நல்ல வருஷங்கள்.

அவர் போனபோதும் அதே தப்புக்காரர்தான் வந்தார். பாடையைத் தூக்கியதும் முதலில் பெரட்டு அடியைத்தான் அடித்தார். இவனுக்கு அடி மறந்துபோச்சா என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். லயத்துப் பாதை திரும்புகிற முடக்கு தாண்டும் வரை அதையே அடித்துவிட்டு, அப்புறம்தான் சாவு அடிக்கு மாறினார்.

இன்றைக்கும் யாராவது ஓரிடத்தில் அசையாமல் நின்றால், வீம்பு என்று சொல்ல வாய் வரும்போதே, வாளியோடு படியில் நின்ற அந்த முதுகு கண்ணில் வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.