சாமி படத்துக்குக் கீழ இருந்த கூண்டுகள்

எங்க கம்பெனியில வருஷத்துல ஒரு வாரம் மட்டும் தொழிலாளி விரல் மேல எல்லாருக்கும் திடீர்னு பாசம் பொங்கும். பாதுகாப்பு வாரம்னு அதுக்குப் பேரு. வாசல்ல பேனர் கட்டுவாங்க. சட்டையில பச்சை பேட்ஜ் குத்துவாங்க. மேனேஜர் மைக்ல உறுதிமொழி படிப்பாரு, நாங்க வலது கையை முன்னாடி நீட்டிக்கிட்டு திருப்பிச் சொல்லணும். முடிஞ்சதும் ஒரு லட்டு, கொஞ்சம் மிக்சர், ஒரு குரூப் போட்டோ. எண்பதுகளோட கடைசியில ஒரு வருஷம், லைன்ல நாங்க எல்லாரும் அண்ணான்னு கூப்பிடுற ஒருத்தரை மட்டும் பின்வரிசைக்குப் போகச் சொன்னாங்க. நீட்டின கையில அவருக்கு ரெண்டு விரல் இல்ல. போட்டோ கெட்டுடும் பாருங்க.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு தகர ஷெட். நாலு பவர் பிரஸ். காலால மிதிச்சா மேல இருந்து அச்சு இறங்கும், கீழ வச்ச தகடு வளையும். தகட்டுக்குப் பதிலா கை இருந்தா கையை நசுக்கும், மெஷினுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அதுக்காகத்தான் ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னாடி கம்பி வலையில ஒரு கூண்டு. அது இருந்தா விரல் உள்ள போகாது, இடுக்கியால பிடிச்சுத்தான் தகட்டை வைக்கணும். வேலை கொஞ்சம் மெதுவா நடக்கும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எங்க சூப்பர்வைசருக்குக் குளிர் ஜுரமே வந்துடும்.

அதுக்கு முந்தின ஆயுத பூஜைக்கு நாலு கூண்டையும் கழட்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, மஞ்சள் பெயின்ட் அடிச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஷெட் மூலையில சாமி படத்துக்குக் கீழ அடுக்கினோம். மறுநாள் ஸ்பேனரை எடுத்தோம், சுத்தியலை எடுத்தோம். கூண்டை எடுக்கப் போனா சூப்பர்வைசர் தடுத்தாரு.

"சாமிக்கு வச்சதுப்பா, இருக்கட்டும். இப்பதான் பெயின்ட் அடிச்சோம், அழுக்காயிடும். அதான் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருக்கில்ல."

அடடா, என்ன பக்தி. அதுவரைக்கும் அந்தப் படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போடாத மனுஷன்.

மேனேஜர் பார்க்கலியான்னு கேப்பீங்க. அவரு ஷெட்டுக்குள்ள வந்தா, அன்னிக்கு எத்தனை பீஸ் முடிஞ்சுதுன்னு எழுதின போர்டைப் பார்ப்பாரு, போயிடுவாரு. நாங்க போர்டையும் பார்க்கல, பேனரையும் பார்க்கல. சூப்பர்வைசர் மூஞ்சியத்தான் பார்த்தோம். கூண்டில்லாத மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு அவரு "இன்னும் கொஞ்சம் வேகமா"ன்னா, அதுதான் எங்க ஷெட்டோட சட்டம்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னாடி மூணாவது மெஷின் ஒரு மிதிக்கு ரெண்டு தடவை இறங்குச்சு. அண்ணாவோட ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்தவரைத் தகட்டுத் துண்டு பெருக்கச் சொன்னாங்க. "கவனமா இருந்திருக்கணும்"னு சூப்பர்வைசர் வருத்தப்பட்டாரு. கட்டியிருந்த எலுமிச்சம்பழம் அழுகிப்போச்சு, அதான் இப்படி ஆயிடுச்சுன்னு மெஷினுக்குப் புதுப் பழம் வேற கட்டினாரு. இதையெல்லாம் பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். ஆனா மறுநாளும் அதே மாதிரி மெஷினுக்குள்ள கையை விட்டுத்தான் வேலை பார்த்தேன்.

இதெல்லாம் நடந்த பிறகு வந்ததுதான் அந்த லட்டும் போட்டோவும். பேட்ஜைக் கழட்டின மறு வாரம் மூணாவது மெஷினுக்குப் புது ஆள் வந்தாரு. சூப்பர்வைசரோட மச்சினன், கூடுவாஞ்சேரியில இருந்து மாமா கூடவே ரயில் ஏறி வந்திருந்தாரு. நான் உள்ள நுழையறேன், சூப்பர்வைசர் செருப்பைக் கழட்டிட்டு சாமி படத்துக்கிட்டப் போறாரு. ஒரு கூண்டைத் தூக்கிட்டு வந்தாரு. முட்டி போட்டு உக்காந்து தானே போல்ட் முடுக்கினாரு. ரெண்டு தடவை ஆட்டியும் பார்த்தாரு.

"கைய உள்ள வுடாத. இடுக்கி இல்லாம தகட்டைத் தொடாத. எத்தனை பீஸ்னு எவன் கேட்டாலும் என்கிட்ட அனுப்பு," அப்படின்னாரு மச்சினன்கிட்ட.

இவ்வளவு அருமையா பாடம் எடுக்கத் தெரிஞ்ச மனுஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நாங்க தண்டத்துக்கு பேனர் கட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். "சார், எனக்கும் ஒரு அக்கா கீது. ஆனா கல்யாணம் ஆயிடுச்சு. என் விரலுக்கு இன்னா வழி?"

மத்த ரெண்டு மெஷினும் நின்னுச்சு. "மாமா, எனக்கும் ஒரு கூண்டு"ன்னான் ஒருத்தன். "மாமா, என்னையும் கொஞ்சம் கவனிங்க"ன்னான் இன்னொருத்தன். பாவம், நிஜ மச்சினன் எங்க பார்க்கறதுன்னு தெரியாம நின்னாரு. சூப்பர்வைசருக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "வேலையப் பாருங்கடா. டார்கெட்டை உங்கப்பனா வந்து முடிப்பான்?"

அப்பதான் அண்ணா துடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு வந்தாரு. மூணாவது மெஷின் அவரோடது, எத்தனையோ வருஷம் ஓட்டினது. மஞ்சள் கூண்டைத் தொட்டுப் பார்த்தாரு. அதுல குங்குமம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"சார், இது அன்னிக்கும் அங்கதான இருந்துது?" சாமி படத்தைக் காட்டிக் கேட்டாரு.

அதுல கோவமே இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு.

சூப்பர்வைசர் ஸ்பேனரைக் கீழ வச்சாரு. அப்புறம் திரும்பிப் போயி மிச்சம் இருந்த மூணு கூண்டையும் தூக்கிட்டு வந்தாரு. அவரு முடுக்க, அண்ணா இருந்த விரலால போல்ட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. முடிக்கிற வரைக்கும் சூப்பர்வைசர் நிமிர்ந்தே பார்க்கல. அன்னிக்கு டார்கெட் முடியல. அதுக்காக யாரும் செத்துப் போயிடல.

அதுக்கப்புறம் ஆயுத பூஜைக்கு யாரும் கூண்டைக் கழட்டறதில்ல, மெஷின்ல மாட்டினபடியே பொட்டு வைப்போம். அடுத்த வருஷம் பாதுகாப்பு வாரத்துல மேனேஜர் எங்க லைனைப் பத்தி மைக்ல பெருமையாப் பேசி, தனக்குத் தானே கைதட்டல் வாங்கிக்கிட்டாரு. போட்டோவுக்கு நின்னோம். இந்தத் தடவை யாரும் அவரைப் போகச் சொல்லல. அண்ணா தானாவே பின்வரிசைக்குப் போயிட்டாரு.